கையில் நின்ற கல்

ஆனி 3, செவ்வாய்

அம்மையப்பன் அருளால் நெடுமடைக்குளம் வந்து சேர்ந்தேன். பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணிற்பட்டது, குளக்கரைப் பூவரச மரத்தில் தூக்கில் தொங்கிய ஒரு நாய். செவலை நிறம். நாக்கு வெளியே தள்ளி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கயிறு மட்டும் புத்தம் புதியது. பள்ளிப் பிள்ளைகள் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் குற்றாலிங்கம் பைக்கில் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"யார் வீட்டு நாய் அது?" என்றேன்.

"கடைமடைக்காரி வீட்டு நாயி. வெறி புடிச்சிருந்துதுன்னு சொல்லுதானுவ. நீங்க அத ஏன் அண்ணாச்சி பாக்கிய? வீட்டுல ஒங்களுக்குன்னு சொதிக் கொழம்பு வச்சிருக்கு, வாங்க."

வந்த காரியத்தை எழுதி வைக்கிறேன். மக்கள் தம் நீரையும் மண்ணையும் தாமே ஆளும் முறைகளை ஆராய்வதிலேயே என் ஆயுள் கழிந்தது. ஓய்வுபெற்று ஆண்டுகள் பல ஆன பின்னும், என் ஆய்வுகளை ஒரே நூலாகத் தருமாறு நிறுவனத்தார் கேட்டிருக்கிறார்கள். கடைசி இயல் இந்த ஊர். இங்குள்ள சங்கத்தை அமைத்தவனும் அதன் விதிகளை வகுத்தவனும் நானே.

விதி எளியது. கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு உறுப்பினரும் குளத்துப் படுகையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துவர வேண்டும். தீர்மானத்துக்குச் சம்மதமானால் கல்லை வெண்கல உருளியில் இடலாம். சம்மதமில்லை என்றால் எழுந்து நின்று, மூடிய கையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கை மூடியிருந்தாலும் தீர்மானம் நிறைவேறாது. மூடியவர் அதே கல்லுடன் அடுத்த கூட்டத்துக்குத் தாமே வர வேண்டும். வராவிட்டால் மறுப்பு கழிந்துவிடும். ஒருவர் கல்லை மற்றொருவர் கொண்டுவரலாகாது. செல்வர்கள் ஏழையின் கல்லை விலைக்கு வாங்கிவிடக் கூடாதே என்று அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன். எளியவனுக்கு இதனினும் பெரிய கோட்டை இல்லை என்று கடல் கடந்த அரங்குகளிலும் பேசியிருக்கிறேன்.

விதி எழுதியவன் என்ற மரியாதைக்காக என்னையும் உறுப்பினராக்கினார்கள். இன்றுவரை நான் கல் எடுத்ததில்லை. ஆராய்பவன் கல் எடுக்கலாகாது.

ஆனி 4, புதன்

வைகறையில் குற்றாலிங்கத்துடன் அமர்ந்து பதிகம் பாடினேன். என்ன குரல்! நஞ்சைக் கண்டத்தில் அடக்கியவனைப் பாடுகையில் அவர் கண்களில் நீர் வழிந்தது. இவ்வளவு பக்தி உள்ளவர் தலைமையில் ஒரு குளம் இருப்பது அக்குளத்தின் பேறு.

பின்னர்ப் படுகையைச் சுற்றிவந்தேன். வயலுக்கு வண்டல் அள்ளக் கிடைத்த அனுமதியைக் காட்டி, செங்கல் சூளைக்கு மண் போகிறது. பொக்லைன் இயந்திரம் கரையின் காலடிவரை தோண்டியிருக்கிறது. குடலை உருவிய விலங்கின் வயிற்றைப் போலக் கிடக்கிறது குளம். பாலையைப் பாடிய பழம்புலவர்கள் இதைக் கண்டதில்லை. அவர்கள் கண்ட பாலை வெயிலால் ஆனது.

இன்னும் ஒரு பருவம் தோண்டச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சென்ற மாதக் கூட்டத்தில் ஊரெல்லாம் கல்லை உருளியில் இட்டுவிட்டது. ஒருத்தி மட்டும் இடவில்லை.

"ஒத்தப் பொம்பள அண்ணாச்சி. ஊரையே கட்டிப் போட்டுட்டா. ஒங்க சட்டம் நல்ல சட்டந்தான், ஆனா ஆளு பாத்தா குடுக்குது?" என்றார் குற்றாலிங்கம், சிரித்துக்கொண்டே.

அடுத்த கூட்டம் ஆனி இருபதாம் நாள்.

ஆனி 5, வியாழன்

அந்த ஒருத்தியைக் கண்டேன். பெயர் பேச்சிக்கனி. ஐம்பது வயதிருக்கும், கணவரை இழந்தவள். கடைமடையில் கொஞ்சம் வயலும் ஒரு தம்பியும் உண்டு. வாசலில் நாய்ச்சங்கிலி வெறுமனே கிடந்தது.

"கூட்டத்துக்கு எங்கூட வந்துச்சு ஐயா, வேற தப்பு செய்யல. அது கல்லும் எடுக்கல" என்று சொல்லிச் சிரித்தாள்.

"பயமாக இல்லையா அம்மா?"

"பயந்து என்ன செய்யச் சொல்லுதிய? மடைவாய்க்குக் கீழ பள்ளம் பறிச்சிட்டானுவன்னா தண்ணி குளத்துக்குள்ளயே கெடக்கும், மடை ஏறாது. மேமடைக்காரன் மோட்டார வச்சு உறிஞ்சிக்கிடுவான். நாங்க எச்சியத் துப்பியா நாத்து நடுவோம்?" மடியை அவிழ்த்து ஒரு கருங்கல்லைக் காட்டினாள். கொட்டைப்பாக்கு அளவு. "ஒரு கை மூடுனா போதும்னு நீங்கதான எழுதி வச்சிய. மூடிட்டேன்."

அவள் தம்பி மாசானம் சுவரோடு சாய்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். "ஐயா, மூடுன கைய வெட்டுனா என்ன செய்யணும்னு அதுல எழுதிருக்கா?" என்று கேட்டான்.

இளைஞர்களுக்கு நாவடக்கம் இல்லை.

ஆனி 7, சனி

மதிய உணவுக்குப் பின் படுகையில் கரும்புகை எழுந்தது. மாசானம் பொக்லைனுக்குத் தீ வைத்துவிட்டான். உள்ளே ஓட்டுநர் உறங்கிக்கொண்டிருந்ததை அவன் அறியவில்லை என்கிறார்கள். வடக்கேயிருந்து பிழைக்க வந்த பையன், தமிழ் தெரியாது. முதுகு எரிய வெளியே குதித்துப் பள்ளத்துச் சேற்றில் புரண்டான். அவன் எழுப்பிய ஓலத்தை எந்த மொழியினரும் புரிந்துகொள்வர். நான் கரையில் நின்று பஞ்சாட்சரத்தைச் சொன்னேன். தோல் உரிந்த கையால் அவன் என் காலைப் பற்றினான்.

என் வேட்டியில் பதிந்த கறை துவைத்தும் போகவில்லை.

ஆனி 8, ஞாயிறு

தேநீர்க் கடைக்கு முன்னால், பட்டப்பகலில், மாசானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறேழு பேர். எண் எழுதாத வேனில் வந்தவர்கள். உருட்டுக்கட்டையும் சைக்கிள் செயினும். அவன் விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. நெல் அடிப்பது போல ஒரு தாளம் இருந்தது. கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே இருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை மட்டும் மேலே தூக்கிக்கொண்டார்கள்.

"எவம்ல மெசினக் கொளுத்துனது? சொல்லுல! வாயத் தொறந்து சொல்லு!" என்றான் ஒருவன். திறக்க வாய் இருக்கவில்லை. பற்கள் மண்ணில் கிடந்தன.

நல்லவேளையாகக் குற்றாலிங்கம் வந்தார். பைக்கை விட்டு இறங்கக்கூட இல்லை. "போதும்ல" என்றார், உரத்துக்கூட அல்ல. அக்கணமே நிறுத்திவிட்டார்கள். ஒருவன் ஓங்கிய கட்டையை நடுவானில் அப்படியே இறக்கினான். ஒரு தலைவரின் சொல்லுக்கு வன்முறையாளரும் கட்டுப்படுவதை என் ஆய்வில் வேறெங்கும் நான் கண்டதில்லை. நூலில் சேர்க்க வேண்டும்.

ஆனி 10, செவ்வாய்

இரவு உணவின்போது குற்றாலிங்கம் சொன்னார்: "நீங்க அவகிட்ட ஒருக்கா பேசிப் பாருங்களேன் அண்ணாச்சி. ஒங்க பேச்சுக்கு மரியாத இருக்கும்."

அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்றேன். மறுப்பவரைக் கூட்டத்தில் வைத்துப் பேசலாகாது. தம்மவர் ஒருவரும் அருகில் இல்லாதபோதுதான் ஒருவர் மனத்தில் உள்ளது வெளிவரும். என் மாணவர்களுக்கெல்லாம் இதையே கற்பித்திருக்கிறேன். ஆகவே நாளை மாலை ஐந்து மணிக்கு மடையடியில் சந்திக்க அழைத்திருப்பதாக அவரிடம் சொன்னேன்.

"தம்பிகூட வருவானா?"

"அவன் எழுந்து நடக்கும் நிலையிலா இருக்கிறான்? தனியாகத்தான் வரச் சொன்னேன்."

"தார் ரோடு வழியா வருவாளா, வரப்பு வழியாவா?"

"வரப்பு வழி. ஊரார் பார்வையில் படாமல் வருவதாகச் சொன்னாள்."

"அதுவும் சரிதான்" என்று அவரே என் இலையில் இன்னொரு கரண்டி தயிர் விட்டார். வீட்டில் பெண்கள் இருக்கத் தலைவர் தாமே பரிமாறுகிறார்! அடியார்க்குத் தொண்டு செய்யும் மனம்.

ஆனி 11, புதன்

மாலை நாலரைக்குச் செருப்பை மாட்டினேன். குற்றாலிங்கம் கையைப் பற்றினார். "ஒரே ஒரு பதிகம் அண்ணாச்சி, பிரதோசமாச்சே இன்னைக்கி." மறுக்க இயலவில்லை. ஒன்று இரண்டாயிற்று.

மடையை அடைந்தபோது நாழிகை கடந்துவிட்டது. வரப்பில் ஒரு செருப்பு கிடந்தது. அப்பால் இன்னொன்று. வாய்க்காலுக்குள் அவள் கிடந்தாள். வலக்கை மணிக்கட்டுக்கு மேலே துண்டாகி, தோலில் தொங்கியது. தோளில் ஒரு வெட்டு, எலும்பு தெரிய. முதுகில் இரண்டு. பழம்பாடல்களில் முதுகில் புண்பட்டவனைத் தாயே தன் மகனல்லன் என்பாள். ஓடவும் வழியற்ற வரப்பில் பின்னாலிருந்து வெட்டப்பட்ட ஒருத்திக்கு அப்பாடல்களில் இடமில்லை.

உயிர் இருந்தது. மேல்துண்டைக் கிழித்துக் கையை இறுக்கிக் கட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமா காத்துக்கெடந்தேன் ஐயா" என்றாள்.

ஆனி 12, வியாழன்

இன்ஸ்பெக்டர் விசாரித்தார். நான் எதையும் பார்க்கவில்லை என்றேன். அது உண்மை.

ஆனி 13, வெள்ளி

கடைமடைக்காரர்கள் திருப்பி அடித்தார்கள். குற்றாலிங்கத்தின் வைக்கோற்படப்பு எரிந்தது; தொழுவத்தில் கட்டியிருந்த சினைப்பசு கயிற்றை அறுக்க முடியாமல் எரிந்து செத்தது. அதன் நாற்றம் பூசையறைவரை வந்தது. பதிலுக்கு வேன் கடைமடைக்குள் புகுந்தது. கதவுகளைப் பெயர்த்தார்கள். கருவுற்றிருந்த ஒரு பெண்ணின் கண்ணெதிரே அவள் கணவன் மண்டையைப் பிளந்தார்கள்.

வேன் போவதற்குச் சற்று முன்பு இங்கே வாசலில் நின்றது. டீசல் வாங்க வந்ததாக வீட்டில் சொன்னார்கள்.

வைகறையில் பதிகம் பாட அழைப்பு வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியனுப்பினேன்.

ஆனி 15, ஞாயிறு

பெரியாஸ்பத்திரியில் பேச்சிக்கனியைப் பார்த்தேன். கையைச் சேர்க்க இயலவில்லை, எடுத்துவிட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. மருந்து மயக்கத்திலும் இடக்கையால் தலையணையின் அடியில் துழாவினாள். கருங்கல்லை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கூட்டத்துக்கு என்னால வர முடியாது. நீங்க கொண்டு போயி குடுங்க."

அவளிடம் நான் சொல்ல நேர்ந்ததை எழுதக் கை கூசுகிறது. ஒருவர் கல்லை மற்றொருவர் கொண்டுவரலாகாது. அவளே வராவிட்டால் மறுப்பு கழியும்.

"எவன் எழுதுன சட்டம் இது?" என்று கேட்டாள். பிறகு நினைவு வந்தவளாக வாயை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்தேன்.

"ஐயா, நீங்க நம்ம சங்கத்துல மெம்பர்தான?"

"பெயருக்கு."

"அப்ப ஒங்க கல்ல எடுங்க."

"ஆராய்பவன் கல் எடுப்பதில்லை அம்மா."

"ஆமா, பாவம். நீங்க பேசத்தான கூப்பிடுவிய" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனி 18, புதன்

விதிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். ஒருவர் மறுத்தால் போதும் என்றேன். அப்படியானால் ஒருவரை வீழ்த்தினாலும் போதும். யாரை வீழ்த்த வேண்டும் என்று ஊரறியக் காட்டவும் செய்தேன்: எழுந்து நின்று கையை மூடியிருப்பவரை. எந்த நாளுக்குள் வீழ்த்த வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. எளியவர்க்குக் கோட்டை கட்டினேன் என்று எண்ணியிருந்தேன். கட்டியது பலிபீடம்.

கடைமடையில் வீடு வீடாகச் சென்றேன். "நீங்கள் யாரேனும் கல்லை வைத்துக்கொள்வீர்களா?" ஒருவர் என் முகத்தைப் பார்க்க மறுத்தார். இன்னொருவர் மனைவி குறுக்கே வந்தாள்: "எங்க வீட்டுல ரெண்டு கையும் வேணும் சாமி. போயிட்டு வாங்க."

கல்லையே பூவாக எறிந்து இறைவனை வழிபட்ட அடியவர் ஒருவர் உண்டு. எத்தனை முறை அவர் கதையை உருகிச் சொல்லியிருக்கிறேன். எறிந்த கை நடுங்கியதா என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

ஆனி 20, வெள்ளி. முற்பகல்

விடியுமுன் படுகைக்கு இறங்கினேன். முதலில் கையில் அகப்பட்ட கல்லை எடுத்தேன். வெள்ளை, ஒரு பக்கம் உடைந்தது.

அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். வெளியே வேன் நின்றது. அதன் நிழலில் அரிவாள்கள் சாய்ந்திருந்தன, விற்பனைக்கு வைத்தவை போல. குற்றாலிங்கம் விதிப்படி மும்முறை அழைத்தார்: "பேச்சிக்கனி வந்திருக்காளா?" மூன்றாம் முறை அழைத்தபோது வேனருகில் ஒருவன், "அவளுக்குக் கையில வேல இருக்காம்" என்றான். சிலர் சிரித்தார்கள். மாசானம் தூணருகில் வீங்கிய முகத்தோடு நின்றான். அவன் சிரிக்கவும் அழவும் இல்லை.

"மறுப்பு கழிஞ்சுது. உருளிய விடுங்கப்பா."

கற்கள் விழும் ஓசை வரிசையாக வந்தது. கடைமடைக்காரர்களும் இட்டார்கள். உருளி என் முன் வந்தது. நான் கையை மூடியபடி எழுந்து நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, ஆராச்சிக்கா?" என்றார் குற்றாலிங்கம். "வேணும்னா ரெண்டு மூணா எடுத்துக்கிடுங்க, குளத்துல கல்லுக்கா பஞ்சம்!" மண்டபமே சிரித்தது.

"ஆராய்ச்சிக்கு அல்ல. மறுக்கிறேன்."

சிரிப்பு அறுந்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து என் நெற்றியைப் பிளந்தது. திருநீற்றை நனைத்துக்கொண்டு குருதி இறங்கிக் கண்ணை மறைத்தது. "கெழட்டு மூதி, ஒக்காருவே!" என்று ஒருவன் தோளில் கட்டையால் அடித்தான். விழுந்தேன். விழுந்தபோதும் கை திறக்கவில்லை; திறக்க மிதித்தார்கள். இரண்டு விரல்கள் ஒடிந்ததை ஓசையால் அறிந்தேன்; கல் கையிலேயே நின்றது. அம்மன் சந்நிதியில் இதற்கு மேல் வேண்டாம் என்று பூசாரி கத்தினார்.

தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டம் ஆடியில்.

ஆனி 20. மாலை

முற்பகல் நடந்ததையும் இதையும் இடக்கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

காயத்துக்குக் கட்டுப்போட்டபின் நேரே காவல் நிலையம் சென்றேன். பேச்சிக்கனி வரும் இடமும் நேரமும் வழியும் அவளையும் என்னையும் தவிர அறிந்தவர் ஒருவரே என்றும், அவர் அதை என்னிடம் கேட்டது எப்போது என்றும், மறுநாள் என்னைப் பதிகம் பாட நிறுத்திவைத்தது யார் என்றும் சொன்னேன். கையொப்பம் இயலாததால் கைநாட்டு வைத்தேன்.

"இத ஏன் சார் அன்னைக்கே சொல்லல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கட்டைவிரல் மையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

பெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். குற்றாலிங்கம் வாசலிலேயே இருந்தார். எப்போதும்போலக் குளிர்ந்த முகம். உள்ளே அழைத்து மோர் கொடுத்தார்.

"சின்னப்பயலுவ அவசரப்பட்டுட்டானுவ அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதிய. ராத்திரிக்கி எங்க தங்கப் போறிய?"

"பேச்சிக்கனி வீட்டில். ஆடிக் கூட்டம் முடியும்வரை அங்கேதான்."

"அப்படியா." மோர்ச்செம்பை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். "எந்த வழியா போறிய? தார் ரோடா, வரப்பா?"

அதே குரல். தயிர் விடும்போது இருந்த அதே கனிவு.

"உமக்கு இந்த ஒரு கேள்விதான் தெரியும்போல" என்றேன். "தார் ரோடு வழியாகப் போகிறேன், ஊரே பார்க்க. இந்தக் கேள்வியை நீர் முன்பு கேட்டது இப்போது இன்ஸ்பெக்டர் மேசையில் இருக்கிறது."

செம்பு தரையில் உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

ஆனி 21, சனி

காலையில் மாசானம் வந்து எழுப்பினான். பல்லில்லாத வாயால் சொன்னது முதலில் விளங்கவில்லை. "வந்து பாருங்க ஐயா" என்றான்.

பூவரச மரத்தில், நாய் தொங்கிய அதே கிளையில், புதிய கயிறு. சுருக்கில் மாட்டப்பட்டிருந்தது என் வேட்டி. ஓட்டுநர் பையனின் கறை படிந்தது. அவசரத்தில் குற்றாலிங்கம் வீட்டுக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சுற்றிலும் கடைமடை ஆட்கள் நின்றார்கள். நேற்று உருளியில் கல்லை இட்டவர்கள். ஒருவரும் நிலத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்கள்.

"அறுத்துப் போட்டுருதேன்" என்று மாசானம் அரிவாளை எடுத்தான்.

வேண்டாம் என்றேன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மரத்தடித் திண்டின்மேல் ஏறி, இடக்கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தேன். வெகுநேரம் ஆயிற்று. கறையுள்ள பக்கம் வெளியே தெரியும்படி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஆடிக் கூட்டத்துக்கு இதைத்தான் உடுத்திப் போவேன்.

முன்பு கதவருகில் என்னைப் போகச் சொன்ன பெண் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"சாமி, ஒரு கூட்டத்துல எத்தன பேரு கையை மூடலாம்?"

"அதற்கு நான் எண்ணிக்கை எழுதவில்லை" என்றேன்.